உடற்பயிற்சிப் பாடத்தை ஊருக்குள் கொண்டுபோவது எப்படி: ஒரு செமஸ்டருக்கான முழுமையான வழிகாட்டி

உடற்பயிற்சி உடலியல் நடத்துகிற எல்லோருக்கும் ஒரு சங்கடம் தெரியும். செய்முறை வகுப்பில் மாணவர்கள் ஒருவரை ஒருவர்தான் சோதித்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் வயது இருபது. ரத்த அழுத்தம் எல்லோருக்கும் 120/80-ஐ ஒட்டியே இருக்கும். முட்டி வலி கிடையாது, சர்க்கரை மாத்திரை கிடையாது. ரெக்கார்டு நோட்டில் பக்கத்துப் பையனின் எண்ணைப் பார்த்து எழுதினாலும் பெரிய தப்பு வராது. மூன்று வருடம் இப்படிப் படித்துவிட்டு வெளியே போகிறவன் முதன்முதலில் அறுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவரை நாற்காலியிலிருந்து எழச் சொல்லும்போது திகைத்து நிற்கிறான்.

வெளியே நிலைமை என்ன? இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு சொன்னது. மாத்திரை வீடு தேடி வருகிறது. 'நடங்கம்மா' என்று டாக்டரும் சொல்லிவிடுகிறார். எவ்வளவு நடப்பது, எந்த நேரத்தில், முட்டி வலித்தால் என்ன செய்வது என்று கூடவே இருந்து சொல்லத்தான் ஆள் இல்லை. படிப்பவர்களுக்கு ஆட்கள் வேண்டும், ஆட்களுக்குப் படித்தவர்கள் வேண்டும். இரண்டையும் முடிச்சுப் போட்டு அதைப் பாடமாகவே நடத்துவதுதான் சேவைவழிக் கற்றல். சர்வீஸ் லேர்னிங் என்ற பெயரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1960-களின் கடைசியிலிருந்து பேசப்பட்டு வருகிறது. நம் ஊரில் இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பி.பி.எட். (உடற்கல்வி), பிசியோதெரபி, விளையாட்டு அறிவியல் என்று எந்தத் துறையாக இருந்தாலும் சரி. மாணவர்களும் படிக்கலாம், ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

என்எஸ்எஸ் ஏற்கெனவே இருக்கிறதே என்று முதல்வர் கேட்பார், நிச்சயமாகக் கேட்பார். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், நடுவில் ஏழு நாள் சிறப்பு முகாம். நல்ல திட்டம்தான், நானும் அதில் வெள்ளையடித்திருக்கிறேன். ஆனால் வெள்ளையடிப்பதற்கும் என் துறைப் பாடத்துக்கும் தொடர்பு கிடையாது. இங்கே சொல்வது, யூனிட் மூன்றில் இருக்கும் தசை வலிமையை ஊர்ச் சமுதாயக் கூடத்தில் படிப்பது. முகாம் என்றால் ஒரு நாள் போய் நூறு பேரைப் பார்ப்போம். இதிலோ பத்து வாரம் அதே முப்பது பேரிடம் திரும்பத் திரும்பப் போகவேண்டும். இந்தத் திரும்பிப் போவதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பேனரும் குரூப் போட்டோவும்தான்.

பாடத்திட்டத்தை எடுத்து வையுங்கள்

ஊரைத் தேடுவதற்கு முன்னால் சிலபஸைப் பிரித்து, எந்த யூனிட்டை வெளியே படிக்க முடியும் என்று பென்சிலால் குறியுங்கள். எல்லாவற்றையும் இழுத்துப் போகவேண்டாம். ஆக்சிஜன் கடன், தசை இழை வகைகள் எல்லாம் வகுப்பிலேயே இருக்கட்டும். உடல் தகுதிச் சோதனைகள், முதியோருக்கான பயிற்சி, நாட்பட்ட நோயும் உடற்பயிற்சியும், பயிற்சித் திட்டம் எழுதுவது ஆகிய நான்கும் ஊருக்குப் போகட்டும்.

அடுத்தது நேரக் கணக்கு. யுஜிசி வரையறையில் ஒரு கிரெடிட் என்றால் 15 மணி நேர வகுப்பு அல்லது 30 மணி நேரச் செய்முறை. சமூகப் பணியும் இந்த 30 மணிக் கணக்கில்தான் வரும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வீதம் பத்து வாரத்துக்கு 20. தொடங்குவதற்கு முன் இரண்டு தடவையும் முடித்தபின் இரண்டு தடவையும் போனால், தடவைக்கு இரண்டரை மணி வீதம் 10. ஆக 30 மணி நேரம், ஒரு கிரெடிட். ஏற்கெனவே இருக்கும் செய்முறைத் தாளுக்குள் இதை அடக்கிவிடலாம். புதிய தாள் வேண்டும் என்று பாடத்திட்டக் குழுவுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் இரண்டு பேட்ச் பாஸ் ஆகிப் போய்விடும்.

எந்த செமஸ்டர்? என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மூன்று வாரம் அப்படியே போய்விடும். பொங்கல் முடிந்து தொடங்கினால் ஏப்ரல் வெயில் உச்சத்துக்கு வரும் முன் முடித்துவிடலாம். ஆனால் ஒன்று, டெல்டாப் பக்கம் தை மாதம் அறுவடை. அங்கே பெண்கள் வயலில் இருக்கும்போது நீங்கள் பாயை விரித்து உட்கார்ந்திருப்பீர்கள். ஊரில் கேட்காமல் தேதி போடாதீர்கள்.

ஊரும் அனுமதியும்

கல்லூரியிலிருந்து ஒரே பேருந்தில் போகக்கூடிய ஊராகப் பாருங்கள். இரண்டு பஸ் மாற வேண்டுமென்றால் ஐந்தாவது வாரத்திலேயே ஆள் குறையும். கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியானில் உங்கள் கல்லூரி இருந்தால் ஏற்கெனவே ஐந்து கிராமங்களைத் தத்து எடுத்திருக்கும். அந்தக் கோப்பு அலுவலகத்தில் தூசியோடு எங்காவது இருக்கும், தேடி எடுங்கள். பாதி வேலை மிச்சம்.

பார்க்கவேண்டியவர்கள்: ஊராட்சித் தலைவர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், கிராம சுகாதார செவிலியர், மகளிர் சுய உதவிக்குழுத் தலைவி. கடிதம் மருத்துவருக்குப் போகட்டும், ஆனால் அதிக நேரம் செவிலியரோடு பேசுங்கள். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் மாத்திரையை வாங்கிப் பரணில் போட்டுவிடுகிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபின் வீடு வீடாகப் போகும் தன்னார்வலரும் இருக்கிறார். அவர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். நீங்கள் போன பிறகும் இது நடக்கவேண்டுமென்றால் அவர் முதல் நாளிலிருந்தே கூட இருக்கவேண்டும்.

மருத்துவரிடம் பேசும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: நாங்கள் மருந்தைத் தொட மாட்டோம், நோய் இருக்கிறது இல்லை என்று சொல்ல மாட்டோம், சந்தேகம் வந்தால் உங்களிடம் அனுப்புவோம். இதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் இளகும். அரைகுறையாகப் படித்தவர்கள் வந்து மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போன கதை ஒன்றாவது அவரிடம் இருக்கும்.

முதல் இரண்டு தடவை கேட்பதற்கு மட்டும்

கையில் ரத்த அழுத்தக் கருவி, எடை மெஷின் எதுவும் வேண்டாம். சும்மா போய் உட்காருங்கள்.

'உங்களுக்கு என்னம்மா பிரச்சினை?' என்று மாணவர்களைக் கேட்க விடாதீர்கள். அப்படிக் கேட்டால் குடிதண்ணீர் வராதது, தெருவிளக்கு எரியாதது, முதியோர் பென்ஷன் நின்றுபோனது என்று பட்டியல் வரும். எல்லாம் உண்மையான பிரச்சினைகள்தான், ஆனால் உங்களால் ஆகக்கூடியது எதுவும் அதில் இருக்காது. நாங்கள் சொல்லிக்கொடுக்கும் கேள்விகள் வேறு. 'நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன வேலை பார்த்தீங்க?' 'முன்னாடி சுலபமா செஞ்சு, இப்ப முடியாம விட்டுட்ட வேலை எது?'

இந்த இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்கள்தான் எங்கள் பாடத்தையே மாற்றின. கோயிலில் விழுந்து கும்பிட்டால் எழ முடியவில்லை. பேருந்தின் முதல் படி எட்டவில்லை, கண்டக்டர் திட்டுகிறார். ரேஷன் அரிசியைப் பேரன் வந்துதான் தூக்கவேண்டியிருக்கிறது. 'உடல் எடையைக் குறைக்கணும்' என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மாணவர்கள் எழுதிக்கொண்டு போயிருந்த திட்டமோ முழுக்க எடைக் குறைப்பு.

இன்னொன்றும் நடந்தது. நடைப்பயிற்சியின் பலன்களை ஒரு பையன் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "காலையில இருந்து குனிஞ்சு களை எடுத்துட்டு இப்பத்தான் வந்து உக்காந்தேன். என்னைய இன்னும் எங்க தம்பி நடக்கச் சொல்றே?" பையன் என்னைப் பார்த்தான். நானும் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் முழு வகுப்பும் இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

இங்கே பாடப் புத்தகம் நிஜமாகவே உதவும். 1953-ல் ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் பேருந்துகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வை எடுங்கள். நாள் முழுக்க மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். அப்படியானால் களை எடுக்கும் அம்மாவுக்குப் பயிற்சியே தேவையில்லையா? டென்மார்க்கில் பின்னாளில் நடந்த ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. ஓய்வு நேரத்தில் செய்யும் பயிற்சி தரும் பலனை, பாரம் தூக்கும் கூலி வேலை அப்படியே தந்துவிடுவதில்லை. வேலையில் ஓய்வு உங்கள் கையில் இல்லை, ஒரே தசை மணிக்கணக்கில் இழுபடுகிறது, மூச்சு வாங்கும் அளவுக்கு வேகமும் பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே அந்த அம்மாவுக்கு 'இன்னும் நட' என்பது சரியான பதில் இல்லை. குனிந்தே இருந்த முதுகை நிமிர்த்தும் அசைவும், தொடைக்கும் இடுப்புக்கும் வலிமைப் பயிற்சியும்தான் அவருக்குத் தேவை. எதிர்வீட்டில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அவர் மருமகளுக்குத்தான் நடை. ஒரே தெரு, இரண்டு திட்டம்.

வகுப்பில் ஆயத்தம்

முதல் இரண்டு வாரம் மாணவர்களுக்குச் சோதனைகளைச் செய்து பழக்குங்கள். சொந்த வீட்டுப் பாட்டி, தாத்தாவை ஒரு தடவை சோதித்து வரச் சொல்வது நல்ல வழி. வீட்டில் அசடு வழிந்தால் பரவாயில்லை.

எப்படிப் பேசுவது என்பதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊரில் பாட்டி, அம்மா, அக்கா, ஐயா என்று கூப்பிடட்டும். 'சப்ஜெக்ட்' என்ற சொல் நோட்டில்கூட வரக்கூடாது. யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் வாங்கிக் குடிக்கவேண்டும், எந்தத் தெருவாக இருந்தாலும். பயிற்சி நடக்கும் இடம் எல்லாத் தெருக்காரர்களும் தயங்காமல் வரக்கூடியதா என்பதை முதலிலேயே பாருங்கள். கோயில் மண்டபம் வசதியாக இருக்கும், ஆனால் சிலர் படியேறாமல் வெளியிலேயே நின்றுவிடுவார்கள். நாங்கள் பள்ளிக்கூட வராந்தாவுக்கு மாறினோம்.

கைபேசி விஷயத்தில் எங்கள் விதி, முதல் மூன்று வாரம் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது என்பது. அதன்பிறகும் கேட்டுவிட்டுத்தான். ரீல்ஸ் போட முடியாது என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கு ஆர்வம் குறைந்ததையும் பார்த்தேன்.

முப்பது மாணவர்களையும் ஒரே நாளில் இறக்காதீர்கள். கலெக்டர் வருகிறார் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். பதினைந்து பதினைந்தாகப் பிரித்து, வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு வையுங்கள். ஒவ்வொரு மாணவரும் ஒருவருக்கு முழுப் பொறுப்பு. அவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று போய்ப் பார்க்கவேண்டியவரும் அந்த மாணவரே.

யாரைச் சேர்ப்பது, யாரை முதலில் மருத்துவரிடம் அனுப்புவது

பார்-க்யூ பிளஸ் என்ற ஏழு கேள்விப் படிவம் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. இதய நோய் அல்லது ரத்த அழுத்தம் உண்டா, நெஞ்சு வலி வருமா, தலைசுற்றி விழுந்ததுண்டா, வேறு நாட்பட்ட நோய் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எலும்பு மூட்டுத் தொல்லை உண்டா, மருத்துவர் மேற்பார்வையில்தான் பயிற்சி செய்யவேண்டும் என்று யாராவது சொன்னார்களா. இருபது வயதுக்காரர்கள் ஏழுக்கும் 'இல்லை' போட்டுவிடுவார்கள். அறுபதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஏதாவது ஒன்றுக்கு 'ஆமாம்' வராதவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால்தான் மருத்துவரை முதலிலேயே பார்த்துப் பேசச் சொன்னேன். 'ஆமாம்' சொன்ன எல்லோரையும், தொற்றா நோய்களுக்குப் பார்க்கும் நாளில் அவரிடம் காட்டி, 'மிதமான பயிற்சி செய்யலாம்' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்மதப் படிவம் தமிழில், ஒரு பக்கம் போதும். சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் எந்தச் சலுகையும் போகாது என்ற வரியை இரண்டு தடவை படியுங்கள். கைநாட்டு வைப்பவருக்கு ஒரு சாட்சி வேண்டும். முடிவுகளைக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால், கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தொடங்கும் முன்பே வாங்கவேண்டும். முடித்துவிட்டு வாங்கலாம் என்பது நடக்காது.

தினமும் பயிற்சிக்கு முன்னால் செய்வது: ஐந்து நிமிடம் உட்கார வைத்தபின் ரத்த அழுத்தம் பார்ப்பது. டீயோ புகையிலையோ ஆகி அரை மணி நேரமாவது போயிருக்கவேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களிடம் இதைத் தனியாகக் கேளுங்கள், அது அவர்களுக்குப் பழக்கமே தவிர 'புகையிலை' என்ற கணக்கில் வருவதில்லை. 180/110-ஐ எட்டியிருந்தால் அன்று பயிற்சி கிடையாது, சிறிது நேரம் கழித்து மறுபடி பார்த்து, குறையவில்லை என்றால் அன்றே சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நெஞ்சு வலி, பேச்சுக் குழறல் ஏதாவது கூடவே இருந்தால் நேராக 108.

மாத்திரைப் பெயர்களை மாணவர்கள் படிக்கக் கற்கவேண்டும். மருந்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்காக இல்லை, பயிற்சியைச் சரியாக அமைப்பதற்காக. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கும் வாய்ப்புக் குறைவு. சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடக்கூடிய கிளிபென்கிளமைடு, கிளைமெபிரைடு, இன்சுலின் என்றால் கவனம் தேவை, வெறும் வயிற்றோடு வரக்கூடாது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே நிறுத்தி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டினோலால், மெட்டோபிரோலால் சாப்பிடுபவருக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. 220-இல் வயதைக் கழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டு 'நீங்கள் இன்னும் வேகமாகப் போகவேண்டும்' என்று மாணவன் விரட்டினால் ஆபத்து. பேச்சுச் சோதனையே போதும்: நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது.

நான்கே சோதனை, ஒரே நாற்காலி

மாணவர்களுக்குப் பத்துச் சோதனை செய்ய ஆசை இருக்கும். நான்கு போதும். முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்காருகிறார், எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து எத்தனை விநாடி நிற்கிறார், இடுப்புச் சுற்றளவு.

எண்களுக்கு அர்த்தம் சொல்ல: எழுந்து உட்காருவதில் 65 முதல் 69 வயதுக்குள் பெண்கள் 11-க்குக் கீழும் ஆண்கள் 12-க்குக் கீழும் வந்தால் கால் வலிமை குறைவு. மூன்று மீட்டர் நடைக்கு 12 விநாடியோ மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு. காலொட்டி நிற்பதில் 10 விநாடி தாங்காவிட்டாலும் அதேதான். இடுப்பளவில் இந்தியர்களுக்கு எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இந்த அளவுகளில் முதல் மூன்றும் வெளிநாட்டு முதியவர்களை வைத்து வந்தவை என்பதை மாணவர்கள் நோட்டில் எழுதி வைக்கட்டும். நம் பாட்டிகள் நாற்காலியில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் இல்லை.

பெண்களுக்கு அளவெடுப்பது மாணவியர் மட்டும், மறைப்புக்குள். நடைச் சோதனைக்கு முன் சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், ரப்பர் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். எடை மெஷினை மண்தரையில் வைத்தால் பொய் சொல்லும், சிமென்ட் தரை தேடுங்கள்.

இப்போது நாற்காலிக் கதை. முதல் வருடம் தொடக்கச் சோதனையைப் பள்ளியின் மர நாற்காலியில் செய்தோம். பத்து வாரம் எல்லோரும் ஒழுங்காக வந்தார்கள், நடை கூடியது, முகத்தில் தெளிவு வந்தது. கடைசிச் சோதனையன்று பள்ளியில் ஏதோ தேர்வு, அறை பூட்டியிருந்தது. சமுதாயக் கூடத்தில் பந்திக்குப் போடும் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டுச் செய்தோம். எண்களைப் பார்த்தால் பாதிப் பேருக்கு முன்பைவிடக் குறைவு! மாணவர்கள் முகம் தொங்கிவிட்டது. ஒரு பெண் அழுதேவிட்டாள், தன் பாட்டியை ஏதோ தப்பாகப் பழக்கிவிட்டோம் என்று. அப்புறம்தான் ஒருவனுக்குத் தோன்றி டேப்பை எடுத்து அளந்தான். மர நாற்காலியைவிட பிளாஸ்டிக் இரண்டு அங்குலம் தாழ்வு, உட்காரும்போது வளைந்தும் கொடுக்கிறது. தாழ்வான இடத்திலிருந்து எழத் தொடைக்கு வேலை அதிகம், எண்ணிக்கை குறையத்தானே செய்யும். சோதனை விதியே 17 அங்குல, அதாவது 43 செ.மீ. உயர நாற்காலி என்றுதான் சொல்கிறது. மூன்று வருடமாக அதை நான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன், ஒருமுறைகூட அளந்து பார்த்ததில்லை. சோதனையின் நம்பகத்தன்மை என்ற யூனிட்டை அந்த பேட்சுக்கு நான் தனியாக நடத்தவே இல்லை.

ஆகவே நாற்காலியை அளந்து, சுவரோடு ஒட்டிப் போட்டு, முதலிலும் கடைசியிலும் அதே நாற்காலியையே பயன்படுத்துங்கள்.

பத்து வாரம்

நேரத்தை ஊர்ப் பெண்களே முடிவு செய்யட்டும். எங்களுக்கு மாலை நாலரை என்று வந்தது. வேலையிலிருந்து வந்து டீ குடித்தாயிற்று, இரவுச் சமையல் இன்னும் தொடங்கவில்லை, வெயிலும் தாழ்ந்திருக்கும்.

ஒரு மணி நேரத்தில் முதல் பத்து நிமிடம் மெதுநடையும் மூட்டு அசைவும். அடுத்து நடக்கவேண்டியவர்கள் கால் மணி நேரம் நடக்கட்டும், நாள் முழுக்க உழைத்தவர்கள் முதுகு, இடுப்பு அசைவுகளுக்குப் போகட்டும். பிறகு வலிமைப் பயிற்சி. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்துதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், துணிப்பையில் அரிசி போட்டுத் தூக்குதல். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ, டம்பெல் எதற்கு? முடிவில் சுவரோரம் சமநிலைப் பயிற்சி, கொஞ்சம் நீட்டுதல். நேரம் மீந்தால் பேச்சு. நேரம் மீந்தே ஆகவேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, குறைந்தது இரண்டு நாள் வலிமைப் பயிற்சி. 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் கலந்து. நீங்கள் வருவது இரண்டு நாள்தான். மிச்சம் வீட்டில் நடக்கவேண்டும். படம் போட்ட காகிதம் கொடுத்தோம், அது சாமி படத்துக்குப் பின்னால் போய்விட்டது. வேலையோடு ஒட்டி வைத்தது நின்றது: பால் காயும்வரை அடுப்படி மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்துதல், சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து உட்காருதல். விளம்பரத்துக்கு நம் சேனல்களில் பஞ்சமா என்ன!

கூட்டுவது எப்படி என்பதுதான் மாணவர்கள் தடுமாறும் இடம். முதல் இரண்டு வாரம் எட்டு தடவை வீதம் ஒரு சுற்று. அது சிரமமில்லாமல் போனால் இரண்டு சுற்று. பிறகு கையைத் தொடையில் ஊன்றாமல் எழுதல், அப்புறம் கையில் ஒரு கிலோ பை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முட்டி வலிக்காரருக்கு நாற்காலியில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள், வாரம் போகப் போகக் குறையுங்கள். வலி மறுநாள் காலையிலும் முன்னைவிட அதிகமாக இருந்தால் நேற்றுச் செய்தது அதிகம்.

நீரிழிவுக்காரர்களின் பாதத்தை வாரம் ஒரு தடவை பார்க்கவேண்டும். உணர்ச்சி மரத்த காலில் முள் குத்தியதே தெரியாது. மாணவர்கள் கீழே உட்கார்ந்து, பாட்டியின் காலைத் தன் கையில் ஏந்தி, விரல் இடுக்கை விலக்கிப் பார்க்கும்போது அங்கே நடப்பதை எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் ஏற்ற எனக்குத் தெரியவில்லை. பாட்டிகள் முதலில் காலை இழுத்துக்கொள்வார்கள், 'நீ போய் என் காலைத் தொடறதா கண்ணு' என்று.

நான்காவது, ஐந்தாவது வாரத்தில் கூட்டம் குறையும். கல்யாணம், கெடா வெட்டு, மகள் பிரசவம். பயப்படாதீர்கள், வீடு தேடிப் போய்ப் பாருங்கள், திட்டாதீர்கள். வராத வாரத்தின் காரணமும் ஒரு தகவல்தான், அதை எழுதி வையுங்கள்.

நோட்டும் மதிப்பெண்ணும்

சேவை செய்த மணி நேரத்துக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். போய் நின்றாலே மார்க் என்றால் போய் நிற்கத்தான் செய்வார்கள். கற்றதற்குக் கொடுங்கள். நான் பிரிப்பது இப்படி: வாராந்திரக் குறிப்புக்கு 30, ஒருவருக்கு எழுதிய பயிற்சித் திட்டமும் அதில் செய்த மாற்றங்களும் 30, சோதனைத் திறன் 20, கடைசியில் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி முடிவைச் சொல்வது 20.

குறிப்பு எழுதுவதில்தான் சிக்கல். முதல் வாரம் முப்பது நோட்டிலும் ஒரே கதை: 'இன்று கிராமத்திற்குச் சென்றோம். மக்கள் அன்புடன் வரவேற்றனர். மனதிற்கு மகிழ்ச்சியாக இருந்தது.' இதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்: நான் கண்ணால் பார்த்தது என்ன, பாடத்தில் படித்ததோடு அது எங்கே ஒத்துப்போகிறது அல்லது இடிக்கிறது, அடுத்த வாரம் எதை மாற்றப்போகிறேன். ஆறாவது வாரம் ஒரு மாணவி எழுதியது: 'பாட்டி எழும்போது வலது பக்கமே சாய்கிறார். இடது முட்டிக்குப் பாரம் கொடுக்காமல் தப்பிக்கிறார். எண்ணிக்கை 9 என்று எழுதினேன், ஆனால் 9-ம் வலது காலே செய்தது. அடுத்த வாரம் இடது காலைச் சற்றுப் பின்னால் வைக்கச் சொல்லப்போகிறேன்.' பத்துக்குப் பத்து போட்டேன்.

எண்களைப் படிக்கும்போது

பத்து வாரம் கழித்து எண் கூடியிருந்தால் எல்லாம் பயிற்சியால்தான் என்று மாணவர்கள் துள்ளுவார்கள். கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள். இரண்டாம் தடவை சோதனை செய்யும்போது பழக்கத்தாலேயே ஒன்றிரண்டு கூடும். அதனால்தான் தொடக்கச் சோதனைக்கு முன் ஓர் ஒத்திகை வைக்கவேண்டும். நடுவில் நின்றுபோனவர்கள் கடைசிச் சோதனைக்கு வருவதில்லை, நன்றாக இருப்பவர்கள்தான் வருகிறார்கள், அதனாலும் சராசரி ஏறும். ஒப்பிட வேறு ஒரு குழு இல்லை. இவ்வளவையும் எழுதிவிட்டு, அதன்பின் 'முன்னேற்றம் தெரிகிறது' என்று எழுதினால் ஒத்துக்கொள்வேன். நான் பார்த்தவரை ஆராய்ச்சி முறையியல் தாளை விட இதில்தான் இது மண்டையில் ஏறுகிறது, ஏனென்றால் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் முகம் தெரியும்.

ஊர்க்காரர்களுக்குச் சராசரி எதற்கு? ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை: முன்பு எத்தனை, இப்போது எத்தனை, முதலில் அவரே சொன்ன வேலை இப்போது முடிகிறதா. பொறுப்பு மாணவர் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, விளக்கிச் சொல்லிக் கொடுக்கவேண்டும். சம்மதித்தவர்களின் அட்டை நகல் செவிலியருக்கும் போகட்டும்.

கிளம்பும் முன்

ஏழாவது வாரத்திலிருந்தே வகுப்பை நடத்துவதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ப் பெண்கள் இருவரிடம் கொடுத்துவிடுங்கள். தன்னார்வலர் ஒருவர், குழுவில் குரல் எடுப்பான ஒருவர். ஒன்பதாவது வாரம் மாணவர்கள் பின்வரிசையில் நின்று அவர்கள் சொல்படி செய்யட்டும். எங்கள் ஊரில் அந்த இரண்டாவது ஆள் வெற்றிலை மடித்த அதே அம்மாதான். 'கைய ஊனாம எந்திரி' என்று அவர் போடும் சத்தத்துக்கு நாங்கள் யாரும் ஈடாக மாட்டோம்.

மாணவர்கள் பாட்டிகளிடம் 'மறுபடி வருவோம்' என்று வாக்குக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலையில் அடுத்த பேட்ச் வரும் என்றால் அதை மட்டும், மாதத்தோடு சொல்லுங்கள். நிச்சயமில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், சோதனைக்குப் பயன்படுத்திய நாற்காலியின் அடியில் பெயின்டால் ஒரு குறி போட்டு, உயரத்தையும் எழுதி, தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.